ஒழுங்கையில் தொடங்குங்கள்: கலைந்த எழுத்துகளைச் சொல்லாக்கும் வழி

ழு, கை, ஒ, ங்.

இந்த நான்கு எழுத்துகளையும் ஒரு நிமிடம் பாருங்கள். விடை தெரிந்துவிட்டால் நல்லது. தெரியாவிட்டால் இந்தக் கட்டுரை உங்களுக்காகவே எழுதப்பட்டது.

'எழுத்துகளை ஒழுங்குபடுத்திச் சொல்லை அமைக்குக' என்று ஞாயிறுப் பத்திரிகையின் சிறுவர் பக்கத்திலும் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகத்திலும் வருகிற புதிரைக் கண்டவுடன் பக்கத்தைப் புரட்டிவிடுகிறவர்களைக் கொழும்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ படித்து வீட்டில் மட்டும் தமிழ் பேசும் பிள்ளைகள், அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தடுமாறும் பெற்றோர், வேலைக்காக இங்கே வந்து இப்போதுதான் தமிழ் எழுத்துக் கூட்டப் பழகும் பிறமொழி நண்பர்கள். எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "எனக்கு அவ்வளவு சொற்கள் தெரியாது."

சொற்கள் பிறகு வரட்டும். தமிழில் ஒவ்வோர் எழுத்துக்கும் சொல்லுக்குள் அதற்கென்று ஓர் இடம் உண்டு. எது முதலில் வரலாம், எது கடைசியில் நிற்கலாம், எதன் பக்கத்தில் எது சேரும் என்பதைத் தொல்காப்பியமும் நன்னூலும் மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து, மெய்ம்மயக்கம் என்ற பெயர்களில் வகுத்து வைத்திருக்கின்றன. அந்த இலக்கணத்தில் ஒரு கைப்பிடி போதும், பாதிப் புதிர் தானாக அவிழும். என் அக்காவின் மகளுக்கு, அதாவது என் பெறாமகளுக்கு, வெள்ளவத்தை வீட்டு விறாந்தையில் வைத்து ஞாயிறு மாலைகளில் நான் சொல்லிக்கொடுத்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எண்ணுங்கள், பிறகு வெட்டுங்கள்

'கொ' ஒரே எழுத்து. கண்ணுக்குக் கொம்பும் ககரமும் அரவுமாக மூன்று துண்டு தெரிந்தாலும் எண்ணிக்கையில் அது ஒன்றுதான். புள்ளி வைத்த 'ங்' தனி எழுத்து. ஆகவே 'ஒழுங்கை' என்பது ஒ, ழு, ங், கை என நான்கு எழுத்து. ஐயோ, விடையைச் சொல்லிவிட்டேன். பரவாயில்லை, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதானே முக்கியம்.

பழைய நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுத்துகளை எழுதிச் சிறு சதுரங்களாக வெட்டிக்கொள்ளுங்கள். இந்த வேலையைத் தவிர்க்காதீர்கள். அச்சில் இருக்கும் வரிசை மனத்தில் ஒட்டிக்கொண்டுவிடும். கண் திரும்பத் திரும்ப அதே வரிசையையே வாசிக்கும். கையால் நகர்த்தும்போதுதான் அந்தப் பிடி தளரும். பஸ்ஸில் இருக்கிறீர்கள், கத்தரிக்கோல் இல்லை என்றால் எழுத்துகளை வட்டமாக எழுதிப் பாருங்கள். வட்டத்துக்கு முதலும் முடிவும் இல்லாததால் கண் எங்கிருந்தும் தொடங்கும்.

நான்கு எழுத்துகளை 24 விதமாக அடுக்கலாம். ஐந்தை 120 விதமாக, ஆறை 720 விதமாக. அத்தனையையும் அடுக்கிப் பார்க்க யாருக்கும் பொறுமை இராது. அதனால்தான் அடுத்த படிகள்.

உயிரெழுத்து இருந்தால் முதலிடம் அதற்கு

அ முதல் ஔ வரையான பன்னிரண்டில் ஒன்று தனியாக நின்றால், யோசிக்காமல் முதலில் வையுங்கள். அளபெடையை விட்டால், தமிழ்ச் சொல்லின் நடுவில் உயிரெழுத்து தனியாக வராது. நம் புதிரில் 'ஒ' இருக்கிறது. எனவே முதல் எழுத்து கிடைத்துவிட்டது.

புள்ளி எழுத்துக்குத் துணை தேடுங்கள்

இந்தப் படியில் நேரம் செலவழியுங்கள். முழு முறையின் பலமும் இங்கேதான் இருக்கிறது.

மெல்லின மெய் தன் இனத்து வல்லினத்தோடு சேரும். ங் வந்தால் அடுத்தது க வரிசை, ஞ் வந்தால் ச வரிசை, ந் வந்தால் த வரிசை. சங்கு, பஞ்சு, பந்து என்று சொல்லிப் பாருங்கள், நாக்கே அந்த இணைப்பைக் காட்டும். ஒரே இடத்தில் பிறக்கும் ஒலிகள் அவை. இந்த மூன்றும் கண்டிப்பானவை. செந்நெல், விஞ்ஞானம் போலச் சில இடங்களில் தம்மையே இரட்டிப்பது மட்டும் உண்டு. ம் பெரும்பாலும் ப வரிசையோடும் ம வரிசையோடும் சேரும், அல்லது சொல்லின் கடைசியில் நிற்கும். ண், ன் இரண்டும் கொஞ்சம் தாராளமானவை: வண்டு, கண்ணி, நண்பன், உண்மை. கன்று, அன்னம், அன்பு, நன்மை.

வல்லின மெய்களில் க், ச், த், ப் நான்கும் தம் வரிசையோடு மட்டுமே சேரும்: பக்கம், பச்சை, பத்து, உப்பு. 'பக்தி', 'சக்தி' போன்ற வடசொற்கள் இதற்கு விலக்கு. ட், ற் இரண்டும் தம்மோடும் சேரும், க, ச, ப வரிசைகளோடும் சேரும்: கேட்க, காட்சி, நட்பு, கற்க, பயிற்சி, கற்பு.

ர், ழ் இரண்டும் ஒருபோதும் இரட்டிப்பதில்லை. ஆனால் அவற்றுக்கும் ய்-க்கும் பின்னால் இன்னொரு புள்ளி எழுத்து வரலாம்: தேர்ச்சி, வாழ்த்து, பாய்ச்சல். புதிரில் இரண்டு புள்ளி எழுத்துகள் இருந்து ஒன்று ழ் என்றால், வாழ்க்கை, மகிழ்ச்சி வகையை உடனே நினையுங்கள்.

ஃ வந்தால் உங்களுக்கு நல்ல நாள். அதற்கு முன்னால் ஒரு குறில், பின்னால் ஒரு வல்லின உயிர்மெய். எஃகு, அஃது. வேறு வழியே இல்லை.

இப்போது நம் புதிர். 'ங்' இருக்கிறது, க வரிசையில் 'கை' இருக்கிறது. இரண்டு சதுரங்களையும் ஒட்டி 'ங்கை' என்று ஒன்றாக்குங்கள். முதலில் ஒ. மிச்சம் 'ழு'வும் 'ங்கை'யும். ஒழுங்கை, ஒங்கைழு. 24 வழிகள் இரண்டாகிவிட்டன. எது சொல் என்று காது சொல்லிவிடும்.

முதலில் வராதவற்றை ஒதுக்குங்கள்

உயிரெழுத்து இல்லாத புதிர்களில் இந்தப் படி கைகொடுக்கும். புள்ளி எழுத்து சொல்லின் முதலில் வராது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளும் தமிழ்ச் சொல்லுக்கு முதலாவதில்லை. க, ச, த, ந, ப, ம எந்த உயிரோடும் சேர்ந்து முதலில் வரலாம். வ வரலாம், ஆனால் வு, வூ, வொ, வோ முதலில் வராது. ய, ஞ சில உயிர்களோடு மட்டும் வரும்: யானை, யோகம், ஞாலம்.

இலங்கையில் அன்றாடம் புழங்கும் பிறமொழிச் சொற்கள் இந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. ரொட்டி, லொறி, டிக்கெட் எல்லாம் அப்படி. விதிப்படி எதுவுமே முதலில் வரவில்லை என்றால், அது இரவல் சொல் என்று எண்ணிக்கொண்டு மறுபடி பாருங்கள்.

கடைசி எழுத்துக்கு ஒரே ஒரு குறிப்புப் போதும். க், ச், ட், த், ப், ற், ங் இவை ஏழும் தமிழ்ச் சொல்லின் இறுதியில் நிற்பதில்லை. ம், ன், ர், ல், ள் அடிக்கடி நிற்கும்.

ஒரு முழுப் புதிர், மெதுவாக

சே, ட், கொ, னை, டா, ஞ். கொழும்பில் ஓர் இடம்.

ஆறு எழுத்து, 720 வழிகள். உயிரெழுத்து இல்லை. புள்ளி எழுத்து இரண்டு. முதலில் கண்டிப்பானதைப் பிடியுங்கள். ஞ்-க்கு ச வரிசை வேண்டும், இருப்பது 'சே' ஒன்றுதான். ஆக 'ஞ்சே'. ட்-க்கு 'டா'வும் பொருந்தும், 'சே'யும் பொருந்தியிருக்கும், ஆனால் 'சே' போய்விட்டது. ஆக 'ட்டா'. இப்போது மேசையில் நான்கு துண்டுகள்: கொ, ட்டா, ஞ்சே, னை. முதலில் எது? புள்ளியில் தொடங்கும் இரண்டும் வரா, னை வராது. 'கொ' மட்டும்தான். மிச்சம் மூன்று துண்டுகளை ஆறு விதமாக அடுக்கலாம். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடுக்குங்கள். கொஞ்சேட்டானை, கொட்டானைஞ்சே... கொட்டாஞ்சேனை!

எந்த மெய்யை முதலில் எடுப்பது என்பதில்தான் திறமை இருக்கிறது. துணை ஒன்றே ஒன்றாக இருப்பதை முதலில் கட்டுங்கள். பல துணை உள்ளதைக் கடைசிக்கு விடுங்கள். என் பெறாமகள் தொடக்கத்தில் ட்-ஐப் பிடித்து 'ட்சே' என்று கட்டிவிட்டு அரை மணி நேரம் தவித்தாள்.

ஊர்ப்பெயர்கள் நல்ல பயிற்சி. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் போகிறவர்களுக்குப் பெயர்ப்பலகைகள் மூன்று மொழிகளிலும் கண்ணில் படும். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று இரண்டைக் கண்டவுடன் 'பிட்டி' ஒரு வால் என்பது விளங்கும். அடுத்த முறை பி, ட், டி மூன்றையும் சேர்த்து ஒதுக்கிவிடலாம். இதே மாதிரி பொதுச் சொற்களிலும் வால்களைப் பழகுங்கள்: -ப்பு, -தல், -ச்சி, -மை, -அகம்.

புள்ளியே இல்லாத சொற்கள்

புதியவர்கள் எழுத்து குறைவாக இருந்தால் எளிது என்று நினைப்பார்கள். என் அனுபவம் வேறு. புள்ளி எழுத்தே இல்லாத சொல்தான் கடினம், பிடித்துத் தொங்க ஒன்றும் இல்லை. ழா, தி, ரு, வி என்று கொடுத்தால், 'தி' அல்லது 'வி' முதலில் வரும் என்பதற்கு மேல் விதிகள் எதுவும் சொல்லா. பன்னிரண்டு வழிகளையும் சொல்லித்தான் பார்க்க வேண்டும்.

ஆடிவேல் விழா நடந்த ஒரு வாரம் இதைக் கொடுத்தேன். திருவிழா என்ற விடையை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். பிள்ளை சதுரங்களை நகர்த்தி நகர்த்தி, "சித்தி, விழாதிரு" என்றாள். 'விழாமல் இரு' என்று பொருள். அதே நான்கு எழுத்துகள்! எனக்கு அன்று முழுவதும் மனம் நிறைந்திருந்தது. அகராதித் தலைச்சொல்லாக அது வராது என்றாலும் விடையை நான் ஏற்றுக்கொண்டேன். தமிழ் தெரிந்தால்தான் அப்படி ஒரு சொல் கையில் வரும்.

இரண்டு விடை வந்தால் பொருளைக் கேளுங்கள்

ம், த, வ. இந்த மூன்றில் ம் முதலில் வராது, நடுவிலும் த-வுக்கோ வ-வுக்கோ முன்னால் ஒரு தனிச் சொல்லில் நிற்காது. கடைசியில்தான். மிஞ்சுவது இரண்டு: தவம், வதம். இரண்டும் சொற்கள். ஒன்று நோன்பு, மற்றது கொலை. எழுத்து விதி இதற்கு மேல் உதவாது, பொருள்தான் தீர்ப்பு. அருகில் படமோ குறிப்போ இருந்தால் அதை இப்போது வாசியுங்கள்.

வு, க, த என்றால் கதவு எல்லாருக்கும் வரும். தகவும் வரும். தகுதி, பெருமை என்று பொருள். 'தக்கார் தகவிலர்' என்று திருக்குறளில் வருகிறதே, அந்தத் தகவு. ரு, து, வி என்றால் விருது, இன்னொரு பக்கம் தேங்காய் துருவி. இப்படி இரட்டை விடைகள் கிடைக்கும் இடங்களைத் தாண்டிப் போகாதீர்கள். புதிய சொல் ஒன்று இலவசமாகக் கிடைக்கும் இடம் அது.

பொருள் தெரியாத விடையைச் சரியான விடை என்று எழுதிவிட்டுப் போவதை நான் ஏற்பதில்லை. எழுத்துகள் சரியாக விழுந்திருக்கலாம், ஆனால் சொல் உங்களுடையதாகவில்லை. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பொருள் சொல்லி, அந்தச் சொல்லை வைத்து அன்றைய நாளைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னால்தான் அடுத்த புதிர். 'ஒழுங்கை' வந்த அன்று பிள்ளை சொன்ன வாக்கியம்: "மழை பெய்தால் எங்கள் ஒழுங்கையில் தண்ணீர் நிற்கும்." தமிழ்நாட்டார் சந்து என்று சொல்வதை நாம் ஒழுங்கை என்கிறோம் என்பதையும் அன்றே சொல்லிவைத்தேன்.

அகராதியில் தேடும்போது

அச்சு அகராதியைத் திறக்கிற புதியவர்கள் தடுக்கி விழுவது இரண்டு இடங்களில். முதலாவது, பெரும்பாலான அகராதிகளில் புள்ளி எழுத்து தன் உயிர்மெய்க்கு முன்னால் வரும். 'பக்கம்' முதலில், 'பகல்' பிறகு. இரண்டாவது, மெய் வரிசையின் கடைசி நான்கு ழ, ள, ற, ன. 'ன'வைத் 'த, ந' பக்கத்தில் தேடினால் கிடைக்காது.

எந்த அகராதி? இன்றைய பொருளுக்கு 1992இல் முதற்பதிப்பாக வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி நல்லது. இலங்கை வழக்குகளைத் தனியாகக் குறித்துத் தருவதால் நமக்கு மிகவும் உதவும். பழைய சொற்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதி. அதை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். 1842இலேயே மானிப்பாயில் ஒரு தமிழ் அகராதி அச்சான நாடு இது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். புத்தகமாகப் புரட்டிப் பார்க்க விரும்பினால் வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. 1942இல் தொடங்கிய சங்கம்.

ல, ள, ழ ஐயம் வந்தால் மூன்றையும் தேடுங்கள். அழகு தெரியும். அலகு பறவையின் மூக்கு, அளவின் கூறு என்றும் பொருள். அளகு என்றும் ஒரு சொல் உண்டு, பெண் கோழியையும் பெண் கூகையையும் குறிப்பது. புதிரில் ஓர் எழுத்து மாறி அச்சாகிவிட்டால் விடை முழுவதும் வேறாகிவிடும்.

சொல்லை உடைத்துப் பார்க்கவும் பழகுங்கள். ஒரு நாள் ணி, ல, ப, க என்று கொடுத்தேன். பலகணி வந்தது, பொருள் வரவில்லை. "பல, கண்" என்று பிரித்துச் சொன்னேன். பிள்ளை எழுந்து போய் யன்னல் கம்பிகளை எண்ணிப் பார்த்துவிட்டு வந்தாள். அதே பொருளில் காலதர் என்றும் ஒரு சொல் இருக்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. 'மான்கண் காலதர்' என்று சிலப்பதிகாரத்தில் வரும். சாளரமும் அதுவே. யன்னல் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். ஒரு புதிரிலிருந்து நான்கு சொற்கள். குறிப்பேட்டில் அவற்றை ஒரே பக்கத்தில் எழுதிவைத்தோம். அகர வரிசையில் எழுதுவதைவிட இப்படிப் பொருளால் கூட்டி எழுதினால் மறக்காது.

ஒலியை நம்பிப் பொருள் சொல்வதில் மட்டும் கவனம் வேண்டும். வெள்ளவத்தையில் வெள்ளமும் இல்லை, வெள்ளையும் இல்லை. சிங்களத்தில் வெல்ல என்றால் மணல், வத்த என்றால் தோட்டம். பிட்டியும் சிங்களத்துப் பிட்டிய, திடல் என்று பொருள். ஆனால் புறக்கோட்டை தெளிந்த தமிழ்: கோட்டைக்குப் புறத்தே இருப்பது.

நீங்களே புதிர் செய்யும்போது

பத்துப் பதினைந்து புதிர்கள் அவிழ்த்த பிறகு நீங்களே செய்யத் தொடங்குங்கள். கைபேசியில் எழுத்துகளைக் கலைத்துத் தரும் செயலிகளை நம்பிக் கொடுத்துவிடாதீர்கள். கணினி 'கி' என்பதைக் ககரமாகவும் விசிறியாகவும் இரண்டு குறிகளாகச் சேமிக்கிறது. தமிழுக்கென்று எழுதப்படாத செயலி விசிறியைக் கழற்றி வேறெங்கோ ஒட்டிவிடும், புதிர் அவிழாது. கையாலே கலையுங்கள். கலைத்த பிறகு, முதல் எழுத்து முதலிடத்திலேயே நிற்கிறதா, மெய்யும் அதன் துணையும் பக்கத்தில் பக்கத்திலேயே கிடக்கின்றனவா என்று பாருங்கள். இன்னொரு விடை வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் குறிப்பு ஒன்று சேர்த்துவிடுங்கள்.

தொடக்கத்துக்கு நம் வீட்டுப் பொருள்களே போதும். 1505இல் வந்த போர்த்துக்கேயரும், 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் விட்டுப்போன சொற்கள் வீட்டு மூலைகளில் இன்னும் இருக்கின்றன. கீழே ஐந்து. முதல் நான்கும் மேலே சொன்ன விதிகளுக்கு அடங்கும். ஐந்தாவதுக்கு விதியை மீற வேண்டும்.

ரை, க, தி — உட்காரலாம்.

னி, கு, சி — இங்கே சமைக்கலாம்.

தை, றா, வி, ந் — இந்தக் கட்டுரையில் ஓரிடத்தில் இருக்கிறது.

ர், ந், க, தோ — அப்பாக்களும் அம்மாக்களும் காலையில் போகும் இடம்.

சி, லா, ச் — மேசையில் இழுத்துத் திறப்பது. வெட்டிய சதுரங்களை இதற்குள்தான் போட்டு வைத்திருக்கிறோம்.